குன்றேறி ஓடுதல்

(மன்றத்தின் மாதாந்தக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

இம்மேடையிலே சைவ சித்தாந்தம் கேட்டிருக்கிறோம். சங்க இலக்கியமும் கேட்டிருக்கிறோம். இன்றோ ஓட்டத்தைப் பற்றிப் பேசுமாறு எங்களைப் பணித்திருக்கிறார்கள். “பேச்சு ஓடினாற் போதும், பேச்சாளர் ஓடிவிடக் கூடாது” என்று செயலாளர் அண்ணர் முன்கூட்டியே எச்சரித்தும் இருக்கிறார். ஆகையால் நின்றே பேசுகிறோம்.

நாங்கள் என்று இங்கே சொல்வது அறுவரை. பம்பலப்பிட்டியிலும் வெள்ளவத்தையிலும் மூவர், கொட்டாஞ்சேனையில் ஒருவர், பேராதனைப் பல்கலைக் கழகத்திற் பயில்வோர் இருவர். பதக்கத்துக்காக ஓடுபவர் எங்களில் எவரும் இலர். படித்தது மிஷன் பாடசாலைகளிலே. அங்கே காலைப் பிரார்த்தனைக்கும் மாலை விளையாட்டுக்கும் தப்பியவர் எவருமில்லை. பவுல் அடியார் தம் நிருபங்களிலே ஓட்டப் பந்தயத்தை உவமையாக்கிய பகுதிகளை மனனம் செய்து ஒப்புவித்த நாள் முதலே ஓட்டம் எங்களைப் பிடித்துக்கொண்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்பொழுது வாரத்தில் மூன்று நாள் விடியற்காலையில் ஓடுகிறோம். எங்களுள் மூவரின் தந்தையார் நீரிழிவுக்கு மருந்து உட்கொள்பவர்கள். அந்த மருந்துப் போத்தல் சாப்பாட்டு மேசையில் இருப்பதைச் சிறு வயது முதல் பார்த்து வளர்ந்தவர்களுக்கு ஓட்டம் வெறும் பொழுதுபோக்காக இருப்பதற்கில்லை.

கொழும்பு சமதரையான பட்டினம். வெள்ளவத்தையிலிருந்து கொள்ளுப்பிட்டி நோக்கிக் கடலோரமாகச் செல்லும் மரைன் டிரைவ் வீதியில் ஒரு பக்கம் புகையிரதப் பாதை, அதற்கப்பாற் கடல். மறு பக்கம் மாடிக் கட்டடங்கள். ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. ஆடிவேல் விழாவிலே செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டி வரை தேரின் பின்னே நடந்து வந்த எங்கள் பாட்டன்மாரும் இந்தத் தட்டையான காலி வீதியிலேதான் நடந்தார்கள். காலிமுகத்திடலிலே எதிர்காற்று வீசினால் அதுவே எங்களுக்கு மலை. இப்படி ஓடிப் பழகியவர்களுக்கு ஒரு நம்பிக்கை பிறக்கும்: ஒரு கிலோமீற்றருக்கு ஆறு நிமிடம் என்று கைக்கடிகாரம் காட்டினால் அதுதான் தங்கள் பலம், எங்கே போனாலும் அது கூடவே வரும் என்பது அந்நம்பிக்கை.

அதை உடைப்பதற்கென்றே பேராதனைக்காரர் இருவரும் எங்களை அழைத்தனர். சென்ற ஆண்டு ஒரு போயா விடுமுறைக்கு முதல் நாள் கோட்டையிலே புகையிரதம் ஏறினோம்.

இங்கே கடுகண்ணாவையைப் பற்றிச் சற்றுச் சொல்ல வேண்டும். பிற்பகுதிக்கு அது உதவும். கொழும்பிலிருந்து கண்டிக்குப் புகையிரதப் பாதை 1867ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. ரம்புக்கணையைக் கடந்ததும் பாதை மலையை நேரே முட்டாமல் வளைந்து வளைந்து ஏறுகிறது. ஏற்றத்தின் அளவு 45 அடிக்கு ஓர் அடி. மனிதக் காலுக்கு இது ஏற்றமென்றே தோன்றாது. இரும்புச் சில்லுக்கோ பெரிய ஏற்றம். சமதரையிலே விரைந்து வந்த வண்டி இங்கே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. இயந்திரமோ முன்னையிலும் கடுமையாக உழைக்கிறது. சன்னலோரத்தில் இருந்த எங்களுக்கு வண்டி சோம்புவது போலத் தோன்றியது. அதன் முழக்கத்தைக் கேட்டவர்களுக்கு உண்மை விளங்கும்.

மறுநாட் காலை ஐந்தரை மணிக்கு அந்தானை வீதியில் நின்றோம். அந்தானை மலைத் தொடர் கண்டிக்கும் பேராதனைக்கும் முதுகுப்புறமாக எழுந்து நிற்பது. பல்கலைக் கழக வளாகமே அதன் அடிவாரத்திலேதான் விரிந்து கிடக்கிறது. கண்டி நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 500 மீற்றர் உயரத்தில் உள்ளது. அங்கிருந்து புறப்படும் வீதி வீடுகளைக் கடந்து, தேயிலைக்குள் நுழைந்து, தேயிலை நூதனசாலையாக மாற்றப்பட்டிருக்கும் பழைய தொழிற்சாலையை நோக்கி ஏறுகிறது. 1925இற் கட்டிய தொழிற்சாலை அது. 2001 முதல் நூதனசாலை. நகரிலிருந்து ஏறக்குறைய மூன்று மைல். மூன்று மைல் என்றால் எங்கள் கணக்கிலே பம்பலப்பிட்டியிலிருந்து காலிமுகத்திடலைத் தொட்டுச் சற்றுத் திரும்பும் தூரந்தானே!

முதல் நானூறு மீற்றர் சிரித்துப் பேசிக்கொண்டு ஓடினோம். அடுத்த நானூறில் பேச்சு நின்றது. அதற்கடுத்த வளைவிலே மூச்சு வாயால் வரத் தொடங்கியது. தொடையும் கெண்டைக் காலும் கனத்தன. கைக்கடிகாரத்தைப் பார்த்தால் கிலோமீற்றருக்கு ஒன்பது நிமிடத்துக்கு மேல் என்கிறது. நாடியோ கடற்கரையில் முழு மூச்சாக ஓடும்போது துடிப்பதைவிட விரைவாகத் துடிக்கிறது. வேகம் குறைந்திருக்கிறது, உழைப்பு கூடியிருக்கிறது. தோழர் ஒருவர் கடற்கரை வேகத்தையே இங்கும் காட்டுவேன் என்று முன்னே பாய்ந்தார். மூன்றாவது வளைவிலே ஒரு மைற்கல்லின் மேல் அமர்ந்து எங்களுக்காகக் காத்திருந்தார். அவர் காத்திருந்ததாகத்தான் இன்றும் சொல்லி வருகிறார்.

பேராதனைத் தோழர் அப்பொழுது சொன்ன புத்தி ஒன்றே: “கடிகாரத்தை மறைத்துக்கொள்ளுங்கள், மூச்சைப் பாருங்கள். ஒரு முழு வாக்கியம் பேச முடிகிற அளவுக்கு ஓடுங்கள். முடியாவிட்டால் நடவுங்கள், பிறகு ஓடுங்கள்.” கடுகண்ணாவை வண்டி எங்கள் நினைவுக்கு வந்தது. உழைப்பை ஒரே அளவாக வைத்துக்கொண்டு வேகத்தை மலையின் போக்குக்கு விட்டுவிடுவது. இதுவே மலையோட்டத்தின் முதற்பாடம். சமதரையில் ஓடுபவன் வேகத்தைக் கட்டுப்படுத்துகிறான், உழைப்பு தானே அமைந்துவிடுகிறது. மலையிலே இது தலைகீழாக மாறுகிறது.

காரணம் உடலின் கணக்கிலே இருக்கிறது. மினெற்றி என்பாரும் அவர்தம் குழுவினரும் 2002இல் வெளியிட்ட ஆய்வின்படி, பத்து அடிக்கு ஓரடி உயரும் ஏற்றத்தில் ஒரு மீற்றர் ஓடுவதற்கு, சமதரையில் ஒரு மீற்றர் ஓடுவதைக் காட்டிலும் ஒன்றரை மடங்குக்கு மேற்பட்ட சக்தி செலவாகிறது. ஏனெனில் ஒவ்வோர் எட்டிலும் உடலின் பாரத்தை முன்னே தள்ளுவதோடு மேலேயும் தூக்க வேண்டியிருக்கிறது. அதற்காகப் பிட்டத் தசையும் தொடையும் கெண்டைக் காலும் சமதரையிற் செய்யாத வேலையைச் செய்கின்றன. இதனாலேயே அவை பலம் பெறுகின்றன. இன்னொரு நன்மையும் உண்டு. ஏற்றத்திலே நிலம் காலை நோக்கி உயர்ந்து வருகிறதாகையால் பாதம் விழும் உயரம் குறைவு, மோதலும் குறைவு. மலையேறி ஓடினால் முழங்கால் தேயும் என்று அஞ்சும் பெரியோர்கள் ஏற்றத்தைப் பற்றி அஞ்ச வேண்டியதில்லை. இறக்கத்தைப் பற்றிப் பிறகு சொல்வோம்.

எட்டு குறுகியிருக்க வேண்டும். இடுப்பிலே கூனக் கூடாது. கணுக்காலிலிருந்து உடம்பு முழுவதும் சற்றே முன் சாய வேண்டும். கண் பாதத்தைப் பார்க்காமற் பத்துப் பதினைந்து அடி முன்னே பார்க்க வேண்டும். கை நன்றாக வீச வேண்டும்; மலையிலே கைதான் காலை இழுத்துச் செல்கிறது. இவ்வளவும் கேட்க எளிது.

இம்முறையை உலகறியச் செய்தவர் நியூசிலாந்து நாட்டின் ஆர்தர் லிடியாட் என்பவர். ஒக்லாந்து நகரிலே சப்பாத்துத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். எந்தப் பல்கலைக் கழகமும் அவருக்கு இதைக் கற்பிக்கவில்லை. தம் உடலையே சோதனைச் சாலையாக்கி ஆண்டுக் கணக்காக ஓடிப் பார்த்துக் கண்டறிந்தார். அயலிலிருந்த இளைஞர்களைச் சேர்த்துக்கொண்டு வைற்றாக்கரே மலைத் தொடரின் மேல் 22 மைல் சுற்றை ஓடச் செய்தார். அரை மைல் ஓட்டக்காரனும் அந்த 22 மைலை ஓட வேண்டும் என்பது அவர் கட்டளை. நீண்ட தூர ஓட்டத்தாலே அடித்தளம் இட்ட பின், சில வாரங்களுக்கு மலைச் சரிவிலே துள்ளித் துள்ளி ஏறும் பயிற்சி. அதன் பிறகே வேகப் பயிற்சி. பலரும் நகைத்தனர். 1960ஆம் ஆண்டு செப்டெம்பர் 2ஆம் நாள் உரோமாபுரி ஒலிம்பிக் அரங்கிலே, ஒரே மாலையில், அவர் மாணவர் பீற்றர் சினெல் 800 மீற்றரிலும் மறே ஹால்பேர்க் 5000 மீற்றரிலும் தங்கம் பெற்றனர். ஹால்பேர்க்குக்கு இளமையிலே றக்பி விளையாட்டில் ஏற்பட்ட காயத்தால் இடக்கை வலுவிழந்திருந்தது. சில நாட்களின் பின் மரதன் ஓட்டத்தில் பாரி மகீ மூன்றாவதாக வந்தார். அந்த மரதனில் முதல்வராக வந்தவர் எத்தியோப்பிய மலைநாட்டின் அபேபே பிக்கிலா. சப்பாத்தும் அணியாமல் ஓடியவர். இங்குள்ள பெரியோர் சிலருக்கு அந்நாட் பத்திரிகைப் படம் நினைவிருக்கலாம்.

நம்மவரிலும் உலகரங்குக்குச் சென்றோர் உண்டு. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி தந்த நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 1958இல் தோக்கியோ ஆசிய விளையாட்டு விழாவில் உயரம் பாய்தலிலே தங்கம் பெற்றார். உயரம் பாய்ந்தவர் நம்மிடையே இருந்தார். உயரம் நோக்கி ஓடியவர்தாம் அரிதாயினர். யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் மலை இல்லாதது நம் குற்றமன்று.

எனினும் ஏறத் தெரிந்தவர்கள் இந்தச் சபையிலே பலர் இருக்கிறார்கள். சிவனொளிபாதமலைக்குப் போய் வந்த பெரியோர்களைத்தான் சொல்கிறோம். 2243 மீற்றர் உயரம், ஆயிரக்கணக்கான படிகள், குளிரிலே இரவு முழுவதும் ஏற்றம். உச்சியிலே மணியை எத்தனை முறை ஏறினார்களோ அத்தனை முறை அடிப்பது வழக்கம். ஏழு முறையும் எட்டு முறையும் அடித்த பாட்டிமார் நம் வீடுகளில் இருக்கிறார்கள். அவர்கள் ஏறும் விதத்தைப் பார்த்தால் லிடியாட்டும் தலை வணங்குவார்: சிறு எட்டு, மாறாத நடை, முந்திச் செல்பவனைக் கண்டு பதறாமை. அவர்களைக் கேட்டால் இன்னொன்றும் சொல்வார்கள். “ஏறுவது பெரிதில்லை மேனே, இறங்கினதுக்குப் பிறகுதான் மூன்று நாள் எழும்ப ஏலாது.”

அந்தச் சொல்லின் முழுப் பொருளையும் நாங்கள் அந்தானையிலே கற்றோம்.

தேயிலை நூதனசாலை வரை ஓடியும் நடந்தும் சேர்ந்தோம். மேலே பனிமூட்டம், பைன் மரங்களின் வாசம், சப்பாத்துக்குள் அட்டை. கீழே கண்டி நகரம் தெரியும் என்றார்கள், பனிதான் தெரிந்தது. பிறகு இறங்கினோம். இறக்கத்தில் மூச்சு இலேசாகிறது; கால் தானே ஓடுகிறது; மனிதனுக்குச் சிறகு முளைத்தது போன்ற உணர்ச்சி. ஆனால் உடலின் உள்ளே நடப்பது வேறு. ஏறும்போது தசை சுருங்கிச் சுருங்கி வேலை செய்கிறது. இறங்கும்போதோ முன்தொடைத் தசை இழுபட்டு நீண்டுகொண்டே உடலின் பாரத்தைத் தடுத்து நிறுத்துகிறது. வண்டியிலே தடையை அழுத்திக்கொண்டே பள்ளத்தில் இறங்குவது போன்றது இது. இப்படி நீண்டுகொண்டே தாங்கும் வேலையினால் தசை நார்களிலே நுண்ணிய சேதம் உண்டாகிறது. நோவு அன்றைக்குத் தெரியாது. மறுநாள் தொடங்கி, இரண்டாம் மூன்றாம் நாளிலே உச்சத்தை அடையும்.

திங்கட்கிழமை பேராதனையில் விடுதிப் படிக்கட்டு இறங்கியவர்களையும், வெள்ளவத்தையில் நாலாம் மாடியிலிருந்து இறங்கியவர்களையும் பார்த்தவர்கள் வாதநோய் என்றே எண்ணியிருப்பார்கள். கைப்பிடியைப் பற்றிக்கொண்டு பின்புறமாக இறங்கினார் ஒருவர். கொட்டாஞ்சேனைத் தோழரின் தாயார் நல்லெண்ணெய் காய்ச்சித் தடவியதோடு, ஓட்டத்தைப் பற்றித் தாம் நினைத்ததையும் சொல்லித் தீர்த்தார். இந்த நோவு நோயன்று. ஒரு முறை இறக்கத்துக்குப் பழகிய தசை, சில வாரங்களுக்குள் மறுபடியும் இறங்கும்போது முன்போல நோவதில்லை. இது விஞ்ஞானிகள் நன்கு நிறுவிய உண்மை. ஆறு வாரம் கழித்து இரண்டாம் முறை சென்றபோது எங்கள் கால்களே இதற்குச் சான்றாயின. ஆகவே புதிதாகத் தொடங்குபவர் ஏற்றத்தை ஓடி ஏறி, இறக்கத்தை நடந்தே இறங்குவது நன்று. இறங்கி ஓடுவதாயின் எட்டைக் குறுக்கி, முழங்காலைச் சற்றே மடக்கி, பின்னே சாய்ந்து குதிகாலைக் குத்தாமல் ஓட வேண்டும்.

இனிச் சொல்லப்போவது பயிற்சியைச் சேர்ந்ததன்று. ஆயினும் அதைச் சொல்லாமல் இந்த உரையை முடிக்க மனம் வரவில்லை.

இரண்டாம் முறை சென்றபோது வெயில் ஏறிய பின் இறங்கி வந்தோம். கொழுந்து பறிக்கும் பெண்கள் மலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். தோட்டத்துத் தமிழிலே தேயிலை நிலத்துக்கு மலை என்றே பெயர். வேலைக்குப் போவதென்றால் மலைக்குப் போவதுதான். வீதியை விட்டு விலகி, நாங்கள் கையூன்றி ஏற வேண்டிய சரிவிலே, தலையிற் கயிறு மாட்டிய கூடையோடு அவர்கள் பேசிக்கொண்டே ஏறினார்கள். அவர்களுள் வயதான ஓர் அம்மா எங்களைப் பார்த்து, “என்னாத்துக்குத் தம்பி இப்புடி ஓடுறீங்க, யாரும் வெரட்டுறாங்களா?” என்று கேட்டார். சிரித்தோம். பதில் சொல்ல வரவில்லை. நிறைந்த கூடையோடு அதே சரிவிலே அவர் பகல் முழுவதும் ஏறி இறங்க வேண்டும். குறித்த நிறைக்குக் கொழுந்து குறைந்தால் அன்றைய கூலியிலும் குறையும். அரைப் பேர் என்று அதற்கொரு சொல்லே அங்கு வழங்குகிறது. எங்கள் கையிலிருந்த கடிகாரத்தின் விலையை அவர் கேட்காதது எங்கள் நல்ல காலம்.

மலைநாட்டுத் தமிழரைப் பற்றிக் கொழும்புத் தமிழராகிய நாம் கூட்டங்களிலே பேசுகிறோம், மலர்களிலே எழுதுகிறோம். அவர்களுடைய மலையை முழங்காலால் அறிந்தவர் நம்மில் எத்தனை பேர்? இன்பத்துக்காக ஏறுகிற நமக்கு, வயிற்றுக்காக ஏறுகிறவர் முன்னே சற்றுக் கூச்சம் இருப்பது தகும். இவ்வாண்டு மன்றத்து உறுப்பினர் அந்தானைக்குச் செல்லும்போது, வீதியை அடைத்துக்கொண்டு ஓடாமல், கூடையோடு வருபவர்க்கு முதலில் வழி விட வேண்டும் என்பது எங்கள் அறுவரின் கண்டிப்பான நிபந்தனை.

பெரியோர்கள் எழுப்பக்கூடிய தடைகள் சிலவற்றுக்கு இப்பொழுதே விடை கூறிவிடுகிறோம். இருதயத்துக்கு ஆகாதே என்பது ஒன்று. நாற்பது கடந்தவர்களும், நீரிழிவோ இரத்த அழுத்தமோ உள்ளவர்களும் வைத்தியரைக் கேளாமல் மலையில் ஓடுதல் கூடாது. அதில் எங்களுக்கு மறுப்பில்லை. நீரிழிவுள்ளவர் ஓடு முன்பும் பின்பும் பாதத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். சிறு கொப்புளமும் அவர்க்குப் பெரும் புண்ணாகலாம். நெஞ்சு நோ, தலைச் சுற்று என்று கண்டால், யார் எவராயினும் அந்த இடத்திலேயே நிற்க வேண்டும். இதில் வீரத்துக்கு இடமில்லை.

பெண் பிள்ளைகள் மலையில் ஓடுவதா என்பது மற்றொன்று. மலையிலே பகல் முழுவதும் ஏறுகிறவர்கள் யார் என்பதை இப்பொழுதுதான் சொன்னோம். அது போதாதென்றால், 2023ஆம் ஆண்டில் எழுபது வயதைக் கடந்த பின் பிலிப்பைன்ஸ் சென்று மூத்தோர் மெய்வல்லுநர் போட்டியிலே தங்கம் பெற்று வந்த முல்லைத்தீவு அகிலத்திருநாயகி அம்மையாரை எண்ணிப் பாருங்கள். அவரை வரவேற்று மாலையிட்ட நாம், நம் வீட்டுத் தங்கையைச் சப்பாத்துக் கட்ட விடாமற் தடுப்பது பொருந்துமா? தங்கைமார் அறுவர் ஏற்கெனவே எங்களிடம் பெயர் தந்திருக்கிறார்கள். பெற்றோரிடம் நாங்கள் வந்து பேச வேண்டும் என்று கேட்டவர்கள் நால்வர். வருவோம்.

கண்டிக்குப் போகாமலே கொழும்பிற் பழக முடியாதா என்று கேட்பீர்கள். ஓரளவு முடியும். கொட்டாஞ்சேனைப் பக்கத்திலே 1757இற் கட்டி முடிக்கப்பட்ட வுல்வெண்டால் ஒல்லாந்தர் தேவாலயம் ஒரு மேட்டின் மேலேதான் நிற்கிறது. அந்த மேட்டுக்கு ஏறும் தெருக்களிலே ஞாயிறு விடியற்காலையில் வாகனங்கள் குறைவு. அரை நிமிடம் ஏறி ஓடுவது, நடந்து இறங்குவது. இப்படி முதல் வாரம் நான்கு முறை, பின்பு ஆறு, பின்பு எட்டு. வாரத்தில் ஒரு நாளே போதும். மேடு கிடைக்காதவர்க்கு வெள்ளவத்தை மாடிக் கட்டடங்களின் படிக்கட்டு இருக்கிறது. அயல் வீட்டார் உறங்கும் நேரத்தை மட்டும் தவிர்த்துக்கொள்ளுங்கள். மின்தூக்கி பழுதடையும் நாட்களைப் பயிற்சி நாட்களாகக் கொள்வது எங்கள் வழக்கம்.

அந்தானைப் பயணத்துக்குப் பேராதனைத் தோழர்கள் தங்குமிடம் பார்த்திருக்கிறார்கள். மழைக் காலத்தில் அட்டை மிகுதியாகையால் தை, மாசி மாதங்களே நல்லவை. இருபது பேருக்கு மேல் அழைத்துச் செல்ல இயலாது. அதற்கு முன் எட்டு வாரம் வுல்வெண்டால் மேட்டிலே பழகியவர்களையே சேர்த்துக்கொள்வோம். இதற்குத் தலைவர் அவர்களின் மகனுக்கும் விலக்கில்லை. முதற் பயிற்சி வரும் ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரை மணிக்கு. பம்பலப்பிட்டியிலிருந்து வருவோர் ஐந்து மணிக்குக் காலி வீதியில் கதிரேசன் கோயிலடியில் நிற்பார்களாயின் ஒன்றாகவே போகலாம். சப்பாத்து பழையதானாலும் குற்றமில்லை. குடிக்கத் தண்ணீர் அவரவர் கொண்டு வருக. பெயர்களைப் பதியும் கொப்பி வாசலிலே இருக்கிறது.